80,000 ரூபாயில் என்ன செய்யலாம்? பண்பாட்டு ஆய்வுக்கும் ஊர் இளைஞர்களுக்குமான சிறு மானியங்கள்

ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் காற்றைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வடக்கேயிருந்து வருவது வாடை. கிழக்கேயிருந்து கொண்டல். மேற்கேயிருந்து கச்சான். தெற்கேயிருந்து சோழகம். வாடை வீசும் மாதங்களில் வடகடல் பொல்லாததாக இருக்கும், தொழிலுக்குத் தென்கடல் பக்கம் போவார்கள். கச்சான் தொடங்கினால் தலைகீழ். பாக் விரிகுடாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் வடகடல், மன்னார் வளைகுடாவுக்குத் தென்கடல். பள்ளிக்கூட வரைபடத்தில் இந்தப் பேர்கள் கிடையாது.

அந்தக் கரையில் ஒரு பெரியவர் இருந்தார். எஞ்சின் வராத காலத்தில் துடுப்பும் பாயுமாகக் கடலுக்குப் போனவர். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு அவருக்கு அத்துப்படி. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடிக்கொண்டே இழுப்பார்கள். பாட்டின் தாளமும் கயிற்றை இழுக்கும் வேகமும் சேர்ந்தே போகும். ஊர்ப் பையன்கள் மூன்று பேர் அவரை உட்கார வைத்து, போனில் ஆறு மணி நேரம் பதிவு செய்தார்கள். அதில் இரண்டு நாள் நானும் கூட இருந்தேன். அப்புறம் அந்தப் போன் பழுதானது. சரிசெய்யக் கொடுத்தபோது உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துபோனது. இன்னொரு பிரதி எங்கேயும் இல்லை. மறுபடி உட்காரலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்த ஐப்பசியில் பெரியவர் தவறிவிட்டார்.

ஒரு ஹார்டு டிஸ்க் இருந்திருந்தால் அந்த ஆறு மணி நேரம் இன்று நம்மிடம் இருந்திருக்கும். விலை சுமார் 5,000 ரூபாய். பையன்களிடம் ஆர்வம் இருந்தது, பெரியவரிடம் பொறுமை இருந்தது, அந்த 5,000 ரூபாய்தான் இல்லை. இப்படிப்பட்ட இடத்துக்கென்றே இருக்கிற ஏற்பாடுதான் சிறு மானியம். விண்ணப்பம் என்று ஒன்றை இதுவரை எழுதியே பார்க்காத ஒருவருக்குப் புரியும்படி அதைச் சொல்லப் பார்க்கிறேன்.

மானியம் என்றால் இங்கே என்ன?

மானியம் என்ற சொல்லைக் கேட்டதும் உர மானியம், கேஸ் மானியம்தான் நினைவுக்கு வரும். விலையில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்வது அது. நாம் பேசப்போவது வேறு. ஆய்வு வட்டாரத்தில் இதை நல்கை, நிதிநல்கை என்றும் சொல்கிறார்கள். ஆனால் மானியம் என்ற சொல்லுக்கே பழைய பொருள் ஒன்று உண்டு, அது நம் விஷயத்துக்கு நெருக்கமானது. கோயிலில் மேளம் வாசிப்பவருக்கும் ஊருக்குப் பாடம் சொல்லித் தருபவருக்கும் வரியில்லாமல் விட்ட நிலத்தை மானியம் என்றுதான் சொன்னார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் சாக்கைக் கூத்து ஆடுவோருக்கு விட்ட நிலம் சாக்கைக்காணி என்று வருகிறது. ஒருவருக்கு ஒரு கலை தெரியும், ஊருக்கு அது வேண்டும், அதற்காக ஊர் அவருக்கு இடம் கொடுத்தது. இன்றைய சிறு மானியமும் அந்த வழியில் வந்ததுதான் என்று எனக்குத் தோன்றும்.

மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, அதனால் அது கடன் ஆகாது. விருது செய்து முடித்த வேலைக்கு வருவது. மானியம் இனிமேல் செய்யப்போகிற வேலைக்கு. நன்கொடை என்றால் கொடுத்தவர் பெரும்பாலும் அதோடு விலகிக்கொள்வார். மானியம் கொடுப்பவரோ, எந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு, முடிவில் என்ன கையில் இருக்கும் என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறார். நீங்கள் அந்த வேலையைச் செய்து, கணக்கைக் காட்டி, முடிந்தது என்று ஓர் அறிக்கை கொடுக்கிறீர்கள். அவ்வளவுதான்.

சரி, 'சிறு' என்றால் எவ்வளவு? 2009-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் தொடங்கிய ஆசம் ஃபவுண்டேஷன் என்ற ஏற்பாட்டில் பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு 100 டாலர் போட்டு, ஒருவருக்கு 1,000 டாலரைக் கொடுத்துவிடுகிறார்கள். அருகிவரும் மொழிகளுக்காக 1996 முதல் இயங்கும் எண்டேஞ்சர்டு லாங்குவேஜ் ஃபண்ட் தரும் தொகை 4,000 டாலருக்குள் அடங்கும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் விரைவு நிதி 500 டாலரிலிருந்து 5,000 டாலர் வரை. நம் நாட்டில் ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருகிறது. அதே அமைச்சகத்தின் இளநிலை ஆய்வு நல்கை மாதம் 10,000 ரூபாய், 40 வயதைத் தாண்டியவர்களுக்கான முதுநிலை நல்கை மாதம் 20,000 ரூபாய், இரண்டும் இரண்டாண்டுகள். ஆக, பல ஆயிரங்களிலிருந்து சில லட்சங்கள் வரை உள்ளதெல்லாம் இந்த வட்டாரத்தில் சிறு மானியம்தான். இந்தத் தொகைகளும் விதிகளும் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிறிய தொகையில் ஆய்வா என்று சிலர் கேட்பதுண்டு. ஆய்வகம் வேண்டிய வேலைக்கு இது காணாதுதான். ஆனால் ஒரு பாட்டின் இருபது வரியைப் பிழையில்லாமல் எழுதி வைப்பதற்குத் தேவை ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி, பேருந்துக் கட்டணம், நேரம், அந்தப் பேச்சுவழக்கு தெரிந்த காது. அந்தக் காது ஊரிலேயே பிறந்த பிள்ளையிடம் இருக்கிறது. கோடிக்கணக்கில் கொடுக்கிற நிறுவனங்கள் மூன்றாண்டு தணிக்கைக் கணக்கு, அலுவலகம், கணக்காளர் எல்லாம் இருக்கிற அமைப்பைத் தேடும். அந்தப் பிள்ளையிடம் அதெல்லாம் இருக்காது. அவரை எட்டக்கூடிய பணம் சிறிய பணம்தான்.

ஆய்வும் பிள்ளைகளும் சேரும் இடம்

பண்பாட்டு ஆய்வுக்கு ஒரு மானியம், இளைஞர் திட்டத்துக்கு இன்னொரு மானியம் என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. ஆய்வு என்றால் பல்கலைக்கழகம், இளைஞர் திட்டம் என்றால் கோலப்போட்டியும் கைப்பந்தும். நான் பார்த்த நல்ல வேலைகளெல்லாம் இந்தப் பிரிவுக்கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்றவை. கேள்வி கேட்கிறவர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, பதில் சொல்கிறவர் அதே தெருவில் இருக்கிற பாட்டி. பதிவு மிஞ்சுகிறது. கூடவே அந்தப் பிள்ளைக்கும் பாட்டிக்கும் இடையே ஒரு பேச்சு தொடங்குகிறது.

இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு கர்நாடகத்தில் இருக்கிறது. பெங்களூரில் 1993-ல் நிறுவப்பட்டு, 1995 முதல் மானியம் வழங்கிவருகிறது இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ். கலை ஆய்வு, கலைப் பயிற்சி, ஆவணக் காப்பகம் எனப் பல வகையிலும் தனி ஆட்களுக்கும் மானியம் தருகிற அமைப்பு அது. அதன் 'கலி-கலிசு' என்ற திட்டம் கர்நாடக அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கானது. 'கற்றுக்கொள், கற்றுக்கொடு' என்று அந்தக் கன்னடப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். ஊரில் இருக்கிற கலையை, கைத்தொழிலை, கதையை வகுப்பறைக்குள் கொண்டுவர ஓர் ஆசிரியர் திட்டம் எழுதிக் கொடுத்தால், அதை நடத்திப் பார்க்க ஒரு தொகை கிடைக்கும். பணம் கையில் வருகிற ஆள் தினமும் அந்தப் பிள்ளைகளோடு இருக்கிற ஆசிரியர். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நம் வாசகர்களுக்கு முக்கியமான இன்னொரு செய்தி: அந்த அமைப்புக்கு எந்த இந்திய மொழியிலும் விண்ணப்பம் எழுதலாம். தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலம் வராது என்று ஒதுங்கி நிற்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். கூத்தின் அடவு தெரிந்தவர், நாற்பது கதைப்பாடல் மனப்பாடமாக வைத்திருப்பவர், ஊரின் ஒவ்வொரு கல்லுக்கும் கதை சொல்பவர். அவர்களுக்கு இந்த ஒரு விவரம் தெரிந்தாலே பாதி தயக்கம் போய்விடும்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இருப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க நிதியுதவி தருகிறது. தமிழ் வளர்ச்சித் துறையில் நூல் வெளியிட நிதியுதவித் திட்டம் உண்டு. இவை ஆய்வு மானியம் என்ற பேரில் வருவதில்லை என்பதால் பலர் கவனிப்பதில்லை. பறை வாங்கப் பணம் ஓரிடத்தில், அதன் அடிவகைகளை எழுதி நூலாக்கப் பணம் இன்னோரிடத்தில் என்று இணைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

ஒரே கேள்வி

எங்கள் முதல் விண்ணப்பத்தின் தலைப்பு 'கடலோர மக்களின் பண்பாடும் வாழ்வியலும்'. பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தோம். சங்க இலக்கிய நெய்தல் திணையில் தொடங்கி, பருவநிலை மாற்றம் வரைக்கும் போயிருந்தோம். நிராகரித்துவிட்டார்கள். அப்போது கோபம் வந்தது. இப்போது எடுத்துப் படித்தால், நானே அந்தக் குழுவில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். நாங்கள் யாரைப் பார்க்கப்போகிறோம், என்ன கேட்கப்போகிறோம் என்று பன்னிரண்டு பக்கத்தில் ஓர் இடத்திலும் இல்லை.

இரண்டாவது விண்ணப்பம் மூன்று பக்கம். ஒரே ஊர். 60 வயதைத் தாண்டிய எட்டுப் பேர். எந்தக் காற்றில் எந்தப் பக்கம் வலை வைத்தார்கள், அந்த வேலையின்போது என்ன பாடினார்கள் என்பது மட்டும்தான் கேள்வி. ஆறு மாதம். முடிவில் ஊரில் என்ன இருக்கும்: எழுத்து வடிவத்தோடு கூடிய ஒலிப்பதிவுகள், ஒரு சிறு புத்தகம், பதிவு செய்யத் தெரிந்த பத்துப் பிள்ளைகள். கிடைத்தது.

விண்ணப்பங்களைப் படிக்கிறவர்கள் பலமாதிரி கேட்பார்கள், படிவங்களில் பத்துக் கட்டம் இருக்கும். எல்லாக் கட்டத்துக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: வேலை முடிந்தபின் எதை விட்டுவிட்டுப் போவீர்கள், யாரிடம்? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்தால் மிச்சமெல்லாம் எழுத வந்துவிடும். முடியவில்லை என்றால் எழுதுவதை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய் இன்னும் நாலு பேரிடம் பேச வேண்டும்.

பட்ஜெட்டில் யாருக்கு முதல் பங்கு?

விண்ணப்பத்திலேயே எனக்கு மிக அக்கறையான பகுதி பட்ஜெட்தான், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன். எங்கள் பட்ஜெட் 80,000 ரூபாய். அதில் முதல் வரி, பேசுகிற பெரியவர்களுக்கான மதிப்பூதியம். எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு அமர்வு, அமர்வுக்கு 1,000 ரூபாய், ஆக 16,000 ரூபாய். பலர் இந்த வரியைப் போடுவதே இல்லை. கேமராவுக்கு வாடகை போடுவார்கள், வண்டிக்குப் போடுவார்கள், பேசுகிறவருக்கு ஒரு துண்டு போர்த்தி அனுப்பிவிடுவார்கள். அவர் தன் அறிவைத் தருகிறார், சில நேரம் ஒரு நாள் தொழிலையே விட்டுவிட்டு வந்து உட்காருகிறார். பணத்தில் முதல் உரிமை அவருக்கு. இதைப் பற்றி மாற்றுக் கருத்துகளைக் கேட்டிருக்கிறேன், காசு கொடுத்தால் கதை கட்டிச் சொல்வார்கள் என்பார்கள். எட்டு வீட்டில் ஒரு வீட்டிலும் அப்படி நடக்கவில்லை.

அடுத்தது கையடக்க ஒலிப்பதிவுக் கருவி, 14,000. இரண்டு ஹார்டு டிஸ்க், 10,000. ஏன் இரண்டு என்று உங்களுக்கே தெரியும். பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவதற்கு 12,000. பதினாறு அமர்வு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்றால் 12 மணி நேரப் பேச்சு. ஒரு மணி நேரப் பேச்சை ஒழுங்காக எழுத ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், பாட்டு என்றால் இன்னும் கூடும். அதனால் பேச்சு ஒரு மணி நேரத்துக்கு 1,000 ரூபாய் போட்டோம், எழுதியவர் ஊரிலேயே இருந்த பி.ஏ. தமிழ் படித்த ஒரு பெண். பயணத்துக்கு 6,000. பிள்ளைகளுக்கு நான்கு சனிக்கிழமைப் பயிற்சி, டீ, சுண்டல், நோட்டுப் புத்தகம் எல்லாம் சேர்த்து 6,000. சிறு புத்தகம் 100 பிரதி, 6,000. முடிவில் ஊர்க் கூட்டத்துக்கு நாற்காலி, ஒலிபெருக்கி, 5,000. ஒருங்கிணைத்தவருக்கு 5,000.

கடைசி வரி சிறியதாக இருந்தாலும் அதை நீக்கிவிடாதீர்கள். சேவைதானே என்று சும்மா வேலை பார்த்த நண்பர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் ஓய்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால் மட்டும்தான் சும்மா வேலை பார்த்துக்கொண்டே இருக்க முடியும். மற்றவர்களும் இந்த வேலைக்கு வர வேண்டுமென்றால் அவர்களின் நேரத்துக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும்.

தொகையை ஊதிக் காட்டவும் வேண்டாம், குறைத்துக் காட்டவும் வேண்டாம். கருவிக்குக் கடையில் கோட்டேஷன் வாங்கி இணைத்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

சனிக்கிழமைப் பயிற்சி

பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று கேட்டால், முதல் சனிக்கிழமை முழுக்கக் கேள்வி கேட்பதுதான். "காற்று எத்தனை வகை?" என்று கேட்டால் "நாலு" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. "நீங்க மொதமொதல்ல கடலுக்குப் போன அன்னைக்கு என்ன காத்து தாத்தா?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவக்கூடாது. பத்து விநாடி சும்மா இருந்தால் பெரும்பாலும் நல்ல விஷயம் அதற்கப்புறம்தான் வரும். பிள்ளைகளுக்கு இந்தப் பத்து விநாடிதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது சனிக்கிழமை கருவி. காற்றைப் பற்றிய பதிவில் காற்றின் இரைச்சல்தான் பெரிய எதிரி. மைக்குக்கு நுரையுறை மாட்டினாலும் போதாது, கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் மறைவில் உட்கார வேண்டும் என்று கண்டுபிடித்தது ஓர் எட்டாம் வகுப்புப் பையன். பதிவைத் தொடங்கியதும் தேதி, ஊர், பேசுபவரின் பெயர் மூன்றையும் வாயால் சொல்லிவிட வேண்டும். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் உள்ளே குரல் இருக்கும். அன்றைக்கே இரண்டு டிஸ்கிலும் ஏற்றிவிட வேண்டும். ஒன்று ஊர்ப் பள்ளியில், மற்றொன்று வேறு ஊரில். பயிற்சியிலும் பதிவிலும் எப்போதும் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும், பெண்பிள்ளைகள் வந்தால் ஒரு பெண் கூட இருக்க வேண்டும், பெற்றோரின் சம்மதம் கையெழுத்தாக வேண்டும். மானியம் தருகிறவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதைச் செய்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் பதிவு செய்யலாமா?

கூடாது. கடலுக்குள் மீன் மண்டும் பார், அதாவது பாறைத்திட்டு, எங்கே இருக்கிறது என்பதைக் கரையில் தெரியும் கோயில் கோபுரம், மாதா கோயில் உச்சி, கலங்கரை விளக்கம், தனிப்பனை ஆகியவற்றை ஒன்றோடொன்று நேராக வைத்துக் கண்டுபிடிப்பார்கள். கணியம் பார்ப்பது என்று சில கரைகளில் இதைச் சொல்வார்கள். இந்தக் கணிப்பு முறை எப்படி இயங்குகிறது என்று எழுதலாம், அது அழகான அறிவு. ஆனால் எந்தப் பனையை எந்தக் கோபுரத்தோடு சேர்த்தால் எந்தப் பார் என்பது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. ஒருவர் பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவிட்டு, "இத வெளிய போடாதீங்கப்பா" என்றார். அந்த இரண்டு நிமிடத்தை வெட்டி அவரிடமே கொடுத்துவிட்டோம். சடங்குப் பாட்டுகளிலும், சாவு வீட்டு ஒப்பாரியிலும் இதே கவனம் வேண்டும்.

ஆகவே சம்மதம் என்பது முதல் நாள் வாங்கும் ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை. என்ன பதிவாகிறது, எங்கே இருக்கும், யார் கேட்கலாம் என்று அவர் பேசுகிற தமிழில் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் பதிவைப் போட்டுக் காட்டி மறுபடி கேட்க வேண்டும். படமும் ஒலியும் எல்லோருக்கும் திறந்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகம் என்ற இணையத் தளத்தில் ஏற்றினால் உலகில் யாரும் அதை எடுத்து, விற்பனைக்குக்கூடப் பயன்படுத்தலாம். உரிம விதி அப்படி. பாட்டி அதற்கும் சம்மதித்தாரா என்று தெரிந்துகொண்டுதான் ஏற்ற வேண்டும்.

பழைய பொருள்கள் விஷயத்தில் நல்ல முன்மாதிரி பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டம். மூல ஆவணம் அது இருக்கும் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது, எண்மப் பிரதிதான், அதாவது டிஜிட்டல் பிரதிதான், போகலாம் என்பது அங்கே விதி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அந்த நிதியில் தமிழ்நாட்டுப் பழைய புகைப்பட நிலையங்களின் படங்களை எண்மமாக்கியிருக்கிறது. அது எங்கள் தொகையைவிடப் பல மடங்கு பெரிய வேலை. ஆனாலும் மூலத்தை இடத்தை விட்டு நகர்த்தாதே என்ற விதி 80,000 ரூபாய் வேலைக்கும் அப்படியே பொருந்தும். பெட்டியில் இருக்கும் பழைய நோட்டுப் புத்தகத்தை "படித்துவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து படம் எடுங்கள்.

காகித வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனி ஆளுக்கே தரும் மானியம் என்றால் உங்கள் அடையாளச் சான்றும் வங்கிக் கணக்கும் பெரும்பாலும் போதும். அமைப்புக்குத்தான் தருவோம் என்றால் பதிவு வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சங்கம் பதிய குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிந்தபின் அமைப்பின் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு, வருடாவருடம் தணிக்கை.

வெளிநாட்டுப் பணம் என்றால் மிகக் கவனம். எஃப்சிஆர்ஏ என்கிற 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அமைப்புகள் அதை வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் இருக்கும் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும், வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. முன்பெல்லாம் பெரிய அமைப்பு ஒன்று வெளியிலிருந்து வாங்கி ஊர்க் குழுக்களுக்குப் பகிர்ந்து தரும். அந்த வழி அடைபட்டதால் சிறிய குழுக்களுக்குப் பெரிய அடி. அதனால் முதல் மானியத்துக்கு உள்நாட்டு நிதியையே தேடுங்கள். தெரிந்த வெளிநாட்டு நண்பர் அனுப்புகிறார் என்றாலும் ஆடிட்டரிடம் கேட்காமல் கணக்கில் வாங்காதீர்கள்.

மானியம் கிடைத்தால் ஒப்பந்தம் வரும், பணம் பெரும்பாலும் தவணையாக வரும். முதல் தவணையைச் செலவழித்து, கணக்கும் இடைக்கால அறிக்கையும் கொடுத்தால்தான் அடுத்தது. ஒரு நோட்டில் அன்றன்றைக்கு எழுதி, பில்லை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். சுண்டல் விற்கும் பாட்டி பில் தரமாட்டார். வவுச்சர் ஒன்றில் தொகை எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளலாம். அரசு நிதி என்றால் முடிவில் யூசி என்று சொல்கிற பயனீட்டுச் சான்றிதழும் வேண்டும்.

திட்டமிட்டபடி எல்லாம் நடக்காது. எங்களுக்கு எட்டுப் பேரில் ஒருவர் நடுவிலேயே படுத்த படுக்கையாகிவிட்டார். மூன்று வாரம் தயங்கிவிட்டு, மானியம் கொடுத்தவர்களுக்கு நடந்ததை அப்படியே எழுதினோம். வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டே நாளில் பதில் வந்தது. அந்த மூன்று வாரம் வீண். கொடுத்தவர்களிடம் கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் பயப்படுவது மௌனத்துக்குத்தான்.

சிறு மானியத்தால் ஆகாததும் உண்டு. அது ஒரு கலைஞரின் குடும்பத்தை வாழ வைக்காது. கரைவலையைக் கையால் இழுத்த காலத்தைத் திருப்பிக் கொண்டுவராது. ஆறு மாதம் முடிந்ததும் பத்துப் பிள்ளைகளும் அடுத்து என்ன என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், அதற்குப் பட்ஜெட்டில் வரி இருக்காது. எங்கள் ஊரில் பள்ளித் தலைமையாசிரியர் கருவியைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்தார், அதனால் சனிக்கிழமை தொடர்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. விண்ணப்பம் எழுதும்போதே, பணம் தீர்ந்தபின் சாவி யார் கையில் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி மாதம் ஊர்க் கூட்டம் போட்டோம். மாதா கோயில் பக்கத்து மணலில் ஐம்பது நாற்காலி, ஒரு ஒலிபெருக்கி. எட்டுப் பேரின் குரலையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். அம்பாப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து, "நிறுத்துங்க, நடுவுல ஒரு அடிய விட்டுட்டான்" என்றார். நாங்கள் எட்டுப் பேரையும் தேர்ந்தெடுத்தபோது ஆண்களை மட்டுமே பார்த்திருந்தோம், அந்தப் பாட்டியிடம் யாரும் கேட்கவே இல்லை. சின்ன வயதில் கரையில் நின்று கயிறு இழுத்தவர் அவர். நின்றபடியே அந்த அடியைப் பாடினார். பாடிக்கொண்டே அடுத்த பாட்டுக்கும் போய்விட்டார். முன்வரிசையில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் யாரும் சொல்லாமலே கருவியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி, அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, தேதியையும் ஊரையும் மெதுவாகச் சொல்லிவிட்டு, "பாட்டி, உங்க பேரு?" என்று கேட்டாள்.